வாலம்பட்டிக்கு வந்த படகு

கடல்கள் உண்டான நாள்தொட்டு அவற்றுக்கு அறிவிக்கப்பட்ட செய்திகளுள் தலையாயது, கோவில்பட்டிக்குக் கிழக்கே வாலம்பட்டி என்னும் கரிசல் கிராமத்தில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், டீக்கடை வாசலில் வைத்து வெளியிடப்பட்டது. மன்னார் வளைகுடாவும், அதை ஒட்டிய பிற நீர்ப்பரப்புகளும், அவற்றில் குடியிருக்கும் சீலா, சூரை, பாறை முதலான மீன் வகையறாக்களும் இதன்மூலம் எச்சரிக்கப்பட்டன: சங்கரபாண்டி ஆழ்கடல் மீன்பிடிப்பில் இறங்கப்போகிறார். சொந்தப் படகு வாங்கப்போகிறார். அதுவும் பின்னால் இரண்டு என்ஜின் மாட்டிய படகு.

கடல் அந்நேரம் வேம்பாரில் வழக்கம்போல் கரைக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு விஷயம் தெரியாது.

சங்கரபாண்டிக்கு மானாவாரி நிலம் நிறைய உண்டு. மக்காச்சோளமும் உளுந்தும் போடுவார். மழை பெய்தால் விளையும். பெய்யாவிட்டால் மீசையை முறுக்கிக்கொண்டு அடுத்த வருஷத்துக்குக் காத்திருப்பார். அவர் வாழ்நாளில் இறங்கிய ஆகப்பெரிய நீர் ஊர்க் கம்மாய்தான். அதுவும் நிறைந்த வருஷத்தில், முழங்கால்வரை, ஒரு எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு.

அப்படிப்பட்டவரைக் கடலுக்குள் தள்ளியது ஒரு மீன் துண்டு.

மகள் இந்துஜாவைக் குளத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார். சம்பந்தி சாமித்துரைக்கு அங்கே உப்பளம் இருந்தது. உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கடல். அதனால் கடலும் தம் பட்டாவில் இருப்பதாகவே சாமித்துரை பேசுவார். ‘நேத்து கடல் கொஞ்சம் கோவமா இருந்துச்சு, இன்னைக்குச் சமாதானம் பண்ணிட்டேன்’ என்கிற ரீதியில் பேச்சு. பேரனின் முதல் பிறந்தநாள் விருந்தில் சீலா மீன் குழம்பு. சாமித்துரையின் இலையில் தலை விழுந்தது. சங்கரபாண்டியின் இலையில் வால் விழுந்தது.

வாலையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம் சாமித்துரை அன்பொழுகச் சொன்னார்: “நான்தான் வால் துண்டு வைக்கச் சொன்னேன் சம்மந்தி. கரிசக்காட்டு ஆளுக. தலையில முள்ளு கூட. தொண்டையில சிக்குச்சுன்னா எம் மருமவளுக்கு யாரு பதில் சொல்லுதது?”

பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறியவன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சங்கரபாண்டி எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

“பேரன் காதுகுத்துக்கு எஞ் சொந்தப் படகு கொண்டாந்த மீன் வாலம்பட்டிப் பந்தியில விழும். தலை வேணும்ங்கிறவனுக்குத் தலை, வால் வேணும்ங்கிறவனுக்கு வால். அப்படி விழலைன்னா காதுகுத்த உம்ம ஊர்லயே வச்சுக்கிடும். நான் வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கேன்.”

“விழுந்துச்சுன்னா?”

“எங்க ஊர்ல, எங் குலசாமி முன்னால, எந் தலைமையில. நீரு வாசல்ல நிக்கணும்.”

தாய்மாமன் மடியில் குழந்தையை உட்காரவைப்பது எந்த ஊர் மண்ணில் என்பது சின்ன விஷயம் இல்லை. தலைமுறைக்கும் பேசப்படும். சாமித்துரை கையைக் கழுவாமலே “சரி” என்றார்.

பெண்கள் பந்தியிலிருந்து சங்கரபாண்டியின் மனைவி பாண்டியம்மாள் எட்டிப் பார்த்தாள். “இந்தாருங்க, காதுகுத்து என்னைக்குன்னா…”

“ஏட்டி, சும்மா இரு. கடல் விசயம் பேசிக்கிட்டிருக்கோம்.”

அவள் வாயை மூடிக்கொண்டு பாயசத்தைக் கவனித்தாள்.

படகு பார்த்து வாங்க நிபுணர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. குழுவில் முதலாமவர் மாட்டுத் தரகர் சின்னக்கருப்பன். சந்தைகளில் மாடு குறைந்து தரகர்கள் மட்டும் மிஞ்சிவிட்ட காலம் என்பதால் அவருக்கு நேரம் இருந்தது. எத்தனை லட்சணமான காளையானாலும் அதில் ஒரு குற்றம் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். “நாலு காலு இருக்கோ, நாக்கு இருக்கோ, எதுவும் பொருட்டில்ல அண்ணாச்சி. வாங்குத பொருளுக்கு லட்சணம்னு ஒன்னு உண்டு. அது மாடா இருந்தா என்ன, படகா இருந்தா என்ன?” என்றார். சங்கரபாண்டிக்கு இது வேதவாக்காகப் பட்டது.

இரண்டாமவன் மாரிசெல்வம், பாண்டியம்மாளின் தம்பி. சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தான். அது மாதத்தில் பாதி நாள் ரிப்பேராகிக் கிடப்பதால், தனக்கு எல்லா என்ஜினும் அத்துப்படி என்று நம்பினான்.

புரட்டாசியில் ஒரு நல்ல நாளில் மூவரும் வேம்பார் கரையில் போய் இறங்கினார்கள். சங்கரபாண்டி கோவில்பட்டியில் புதிதாக வாங்கிய கூலிங்கிளாஸ் போட்டிருந்தார். கடலை அவர் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, “பரவால்ல” என்றார்.

விற்கிறவர் மிக்கேல். வயது ஐம்பதுக்கு மேல். வெயிலில் கறுத்த முகம், நிதானமான பேச்சு. மணலில் அவருடைய இரண்டு பைபர் படகுகள் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒன்று நிறம் மங்கி, அங்கங்கே ஒட்டுப் போட்டு, பார்க்க அழுக்காக இருந்தது. மற்றது நீலமும் மஞ்சளுமாகப் புதுப் பெயிண்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.

“அண்ணாச்சி, ஒளிச்சு மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது,” என்றார் மிக்கேல். “இந்தப் பழசு இருக்கே, நேத்துக்கூடத் தொழிலுக்குப் போயிட்டு வந்துச்சு. நல்ல உழைப்பாளி. அந்தப் புதுப் பெயிண்டு, ரெண்டு வருசமா கரையில கெடக்கு. பெயிண்டுதான் புதுசு.”

இவ்வளவு உண்மை பேசும் வியாபாரியை மாட்டுச்சந்தையில் யாரும் கண்டதில்லை. ஆகவே சின்னக்கருப்பன் சங்கரபாண்டியின் காதில் ஓதினார்: “பழசத் தள்ளிவிடப் பாக்கான். சாக்கிரதை.”

பிறகு பரிசோதனை தொடங்கியது. சின்னக்கருப்பன் பழைய படகை மூன்று சுற்று வந்தார். விலாவில் தட்டினார். மூக்கை, அதாவது படகின் முன்முனையை, தூக்கிப் பார்க்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பக்கவாட்டில் இருந்த ஒட்டில் பசை சுழித்துக் காய்ந்திருந்தது. மாட்டு உடம்பில் ஆகாத சுழியைக் கண்டவர்போல இரண்டடி பின்வாங்கினார்.

“அண்ணாச்சி, பாடைச்சுழி!”

“எங்கன?”

“இங்கன பாருங்க. வலது விலாவுல. வாங்குன வீட்டுல ஒரு எழவு உறுதி.”

“அது போன வருசம் பாறையில ஒரசி ஒட்டுப் போட்டது,” என்றார் மிக்கேல்.

“ஒரசுதது வேற எடத்துல ஒரசக்கூடாதோ? சுழி இருந்ததனாலதான் அங்கன ஒரசியிருக்கு.”

கடலில் முப்பது வருஷம் போய் வந்த மிக்கேலுக்கு இப்படி ஒரு காற்று அடித்ததில்லை.

அடுத்து என்ஜின்கள். பழைய படகின் பின்புறத்தில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறியதாகவும் மாட்டியிருந்தன. சின்னக்கருப்பன் உச்சுக்கொட்டினார். “ஜோடி பொருந்தலையே. ஒன்னு காளை, ஒன்னு கன்னுக்குட்டி. நுகத்துல பூட்டுனா வண்டி ஒரே பக்கமாலா இழுக்கும்?”

“ரெண்டையும் சேத்து ஓட்டுததுக்கு இல்ல அண்ணாச்சி,” என்றார் மிக்கேல். “பெருசு நடுக்கடல்ல நின்னு போச்சுன்னா, சின்னத வச்சுக் கரை வந்து சேரணும். அதுக்குத்தான்.”

“கெளம்பும்போதே நின்னு போறதப் பத்திப் பேசுதீரே!” என்று சங்கரபாண்டி முகம் சுளித்தார்.

புதுப் பெயிண்டுப் படகில் இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே கம்பெனி. பார்த்ததும் சின்னக்கருப்பனுக்குக் கண் கலங்கியே விட்டது. “ஒரு தாய் வயித்துப் பிள்ளைக! சோடின்னா இது சோடி!”

“ஒரே நாள்ல வாங்குனது,” என்றார் மிக்கேல். “ரெண்டுக்கும் ஒரே வயசு. படுத்தா ரெண்டும் ஒரே நாள்ல படுக்கும். பாத்துக்கிடுங்க.”

“அதுக்குப் பேருதான் ஒத்துமை,” என்றார் சின்னக்கருப்பன்.

இப்போது மாரிசெல்வத்தின் முறை. என்ஜின் கயிற்றைப் பிடித்து இழுக்கப் போனான். மிக்கேல் பாய்ந்து கையைப் பிடித்தார். “ஐயோ தம்பி! தண்ணியில எறக்காம ஓட்டக்கூடாது. கடல்தண்ணிய உறிஞ்சித்தான் மெஷினு குளுரும். தரையில ஓட்டுனா கருகிரும்.”

மாரிசெல்வம் சங்கரபாண்டியைத் திரும்பிப் பார்த்தான். வாலம்பட்டியில் தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒருமுறை வரும். “அத்தான், தண்ணியில்லாம ஓடாத மெஷின நம்ம ஊர்ல வச்சு என்ன செய்ய?”

கேள்வி நியாயமானது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“அப்ப கடல்ல எறக்குதேன், ஏறுங்க. ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம். உக்காந்து பாத்தாத்தான தெரியும்?” என்றார் மிக்கேல்.

சங்கரபாண்டியின் கால்கள் ஈர மணலில் அரையடி பின்னால் நகர்ந்தன. மீசை அசையவில்லை. “நாம படகு வாங்க வந்திருக்கோமா, படகுல போக வந்திருக்கோமா?” என்றார். “ஒழுகுதான்னு பாக்கணும், அம்புட்டுத்தான். உள்ள தண்ணி ஊத்தும்.”

“என்னது?”

“எங்க ஊர்ல தொட்டி வாங்குனாலும் அப்படித்தான். நெறைய ஊத்தி வைப்போம். மறுநா குறையலைன்னா நல்ல தொட்டி.”

“அண்ணாச்சி, படகுக்கு வெளியில இருக்க தண்ணி உள்ள வருதான்னுலா பாக்கணும்?”

“உள்ள இருக்க தண்ணி வெளிய போகலைன்னா, வெளிய இருக்க தண்ணி மட்டும் எந்த வழியாவே உள்ள வரும்?”

மிக்கேல் வாளியை எடுத்தார். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு, இப்படி ஒரு கூத்து இனி வராது என்று, குடத்திலும் வாளியிலும் கடலை மொண்டு புதுப் பெயிண்டுப் படகுக்குள் ஊற்றினார்கள். கடலோரத்தில் படகுக்குள் தண்ணீர் தளும்பி நின்றது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மூவரும் நிழலில் உட்கார்ந்து அதையே பார்த்தார்கள்.

“முடிச்சிருவோம்,” என்றார் சங்கரபாண்டி.

சின்னக்கருப்பன் தோள் துண்டை எடுத்து மிக்கேலின் கைமேல் போட்டு, துண்டுக்குள் கையை விட்டு விரல்களைப் பிடித்தார். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான்; இன்ன விரலுக்கு இன்ன தொகை, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. மிக்கேலுக்கும் தெரியாது. முதலில் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு, கரிசல்காட்டு மரியாதை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு, பதிலுக்குத் தரகரின் ஐந்து விரல்களையும் சேர்த்து அன்போடு அமுக்கினார்.

“யப்பா! பலே ஆளுவே நீரு,” என்று சின்னக்கருப்பன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு விலையைச் சொன்னார்.

அது மிக்கேல் கேட்க நினைத்ததைவிட அதிகம். அவர் உண்மை விளம்பிதான். ஆனால் மகள் கல்யாணம் பக்கத்தில் இருந்தது. வானத்தைப் பார்த்து ஒரு சிலுவை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

“ஓட்டுததுக்கு ஆளும் நானே அமத்தித் தாரேன். படகு இங்கன கெடக்கட்டும். நாளைக்கே தொழிலுக்கு எறக்கிருவோம்,” என்றார் குற்றவுணர்ச்சியோடு.

மறுநாளே இறக்கியிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சங்கரபாண்டி நிமிர்ந்தார். “வாங்குன மாட்ட வித்தவன் தொழுவத்துலயே கட்டிப்போட்டுட்டு வெறுங்கையா வீடு போறதா? எங்க வம்சத்துலயே கெடையாதுவே. வீட்டுக்குக் கொண்டுபோவணும். வாசல்ல ஆரத்தி எடுக்கணும். குலசாமிகிட்டக் காட்டித் துந்நூறு பூசணும். அதுக்கப்புறந்தான் தொழில்.”

“அண்ணாச்சி, இது படகு…”

“அதனால என்ன? இன்னும் நல்லாத் தேங்கா ஒடைக்கணும்.”

படகு லாரியில் ஏறியது. விளாத்திகுளம் சாலையில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு படகு போவதைப் பார்த்து, எதிரே வந்த பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. படகுக்குள் கூலிங்கிளாஸோடு சங்கரபாண்டி நின்றார். அவருடைய முதல் கடற்பயணம் அதுதான். படகின் ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

வாலம்பட்டி திரண்டிருந்தது. தெரு குறுகல் என்பதால், ஊர் முகப்பில் சங்கரபாண்டியின் புஞ்சையிலேயே படகை இறக்கிவைத்தார்கள். உழுது போட்ட கரிசல், மழைக்கு வாய் பிளந்து கிடந்தது. பாண்டியம்மாள் ஆரத்தித் தட்டோடு வந்தாள். சுற்றிக்கொண்டே சொன்னாள்: “இந்தாருங்க, கழுகுமலையில வச்சு…”

“ஏட்டி, முதல்ல பொட்டு வையி. படகு வெயில்ல நிக்குல்லா.”

அவள் படகுக்குப் பொட்டு வைத்தாள். ஊர் கைதட்டியது. கைதட்டல் கேட்டதும் மாரிசெல்வத்துக்கு உடம்பு சும்மா இருக்கவில்லை. “என்ஜின் சத்தம் கேக்க வேண்டாமா?” என்றான். “கேக்கணும்!” என்றது ஊர். தண்ணீர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பது அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஆகவே ஒரு செம்புத் தண்ணீரை என்ஜின் தலையில் ஊற்றிவிட்டுக் கயிற்றை இழுத்தான்.

என்ஜின் கூவியது. காக்கைகள் பறந்தன. கொஞ்சநேரம் ஓடிவிட்டுப் புகையாகக் கக்கி, தொண்டை கட்டி, நின்றது. “ஒன்னு போனா ஒன்னு, அதுக்குத்தான ரெண்டு?” என்று மற்றதையும் இழுத்தான். உடன்பிறப்பு அல்லவா, அதுவும் அப்படியே செய்தது. ஒரே நாளில் படுக்கும் என்று மிக்கேல் சொன்ன வாக்கு அன்று பொழுது சாய்வதற்குள் பலித்தது.

“தூத்துக்குடியிலேருந்து மெக்கானிக்க வரச்சொல்லியிருக்கு. நாளைக்கு வாரான்,” என்று சங்கரபாண்டி ஊரைக் கலைத்துவிட்டார்.

மெக்கானிக் வரவில்லை. மழை வந்தது.

உளுந்துக்கு வேண்டுமென்று சங்கரபாண்டி வருஷக்கணக்காக வேண்டிக்கிடந்த மழை, குலசாமிக்குத் திடீரென்று ஞாபகம் வந்ததுபோல, வாரம் முழுக்கக் கொட்டியது. கரிசல் நனைந்தால் எப்படி இருக்கும் என்பது கரிசல்காரனுக்குத்தான் தெரியும். செருப்பை வாங்கிக்கொண்டு காலை மட்டும் திருப்பித் தரும். லாரி ஊருக்குள் வர முடியவில்லை. கிரேன் வரும்போதே பாதியில் புதைந்து, அதை இழுக்க இன்னொரு கிரேன் வந்தது. படகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் இறங்கி, பாதி விலாவரை அமிழ்ந்து நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. கடலில் மூழ்கும் படகு உண்டு. புஞ்சையில் மூழ்கிய படகு அது ஒன்றுதான்.

பிறகு வெயில் அடித்தது. மண் இறுகியது. கிரேன்காரன் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப இழுத்தா மேப்பாதி மட்டும் வரும் அண்ணாச்சி. சம்மதமா?” என்றான்.

படகுக்குள் மழைத்தண்ணீர் தளும்பியது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஊர் மாடுகள் வரிசையாக வந்து தலையை நீட்டிக் குடித்துவிட்டுப் போயின.

காதுகுத்து நெருங்கியது. சங்கரபாண்டி சாப்பாட்டைக் குறைத்தார். இரவெல்லாம் கண்முன் பன்னீர்ச் செம்பும் குளத்தூர் வாசலும் வந்து நின்றன. அந்த வாசலில் தான் நிற்க, உள்ளே சாமித்துரை மீன்தலையோடு உட்கார்ந்திருக்கும் காட்சி. பேரன் பெரியவனாகி, ‘தாத்தா ஏன் வெளிய நிக்காரு?’ என்று போட்டோவைக் காட்டிக் கேட்பது வரைக்கும் மனசு போய்விட்டது. மீசை தானாகத் தொங்கியது.

மாரிசெல்வம்தான் வழி கண்டான். “அத்தான், நீங்க கடல் மீனுன்னு சொன்னியளா?”

“இல்லலே. எம் படகு கொண்டாந்த மீனுன்னு சொன்னேன்.”

“அப்ப கம்மாய் மீன படகுத் தண்ணிக்குள்ள விட்டு, வலை போட்டுப் புடிப்போம்.”

கம்மாயில் புதுத்தண்ணீருக்குக் கெண்டையும் கெளுத்தியும் ஏறியிருந்தன. மறுநாள் அவை குடியேற்றப்பட்டன. அதற்கடுத்த நாள் கேள்விப்பட்டு சாமித்துரை காரில் வந்து இறங்கினார். சங்கரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டி, படகுக்குள் முழங்கால் தண்ணீரில், வீச்சுவலையோடு நின்றார். பக்கத்தில் ஒரு பசுமாடு குடித்துக்கொண்டிருந்தது.

“என்னவே இது அக்குறும்பு! படகு கடலுக்குப் போச்சா?” என்று சாமித்துரை கத்தினார்.

“போகணும்னு பேச்சில்ல சம்மந்தி. படகு என்னுது. மீன் அதுக்குள்ள இருக்கு. வேணும்னா ஏறிப் பாரும். கடலுக்குச் சொந்தக்காரருக்குப் படகுல ஏற என்ன பயம்?”

சாமித்துரையால் மறுக்க முடியவில்லை. ஏறினார். ஏறியதும் இரு கையாலும் ஓரத்தைப் பற்றிக்கொண்டு முகம் வெளுத்தார். “ஏய், என்னவே இது, ஆடுது?”

கோயில் பீடம்போல மண்ணில் இறுகிக் கிடந்த படகு அது. மாடுகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“நீரு கடல்லயே போனதில்லையா சம்மந்தி?”

“உப்பு அள்ளுதவன் எதுக்குவே கடல்ல போகணும்?” என்று சாமித்துரை கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். “அது கெடக்கட்டும். இந்த மீன நான் ஒத்துக்கிட மாட்டேன். காதுகுத்து குளத்தூர்லதான்.”

“வாலம்பட்டியிலதான்!”

“குளத்தூர்!”

இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று மாறி மாறிக் கத்தினார்கள். கெளுத்திகள் கால்களுக்கு நடுவே ஓடின. வரப்பு வழியாகப் பாண்டியம்மாள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கொண்டு வந்தாள். பிரசவத்துக்குப் பிறகும் தாய்வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் இந்துஜா பின்னாலேயே குழந்தையோடு வந்தாள்.

“ஏட்டி, நீயே சொல்லு!” என்றார் சங்கரபாண்டி. பொழுது விடிந்ததிலிருந்து அவளிடம் அவர் முதல்முறையாகக் கேட்ட கேள்வி. கடல் விஷயத்தில் வாழ்நாளிலேயே முதல் கேள்வி. “இது எம் படகு மீனா இல்லையா?”

பாண்டியம்மாள் பருத்திக்கொட்டை வாளியைக் கீழே வைத்தாள்.

“மீன் எதுக்கு?” என்றாள். “காதுகுத்து வெள்ளிக்கிழமைலா?”

சங்கரபாண்டி வலையைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ரெண்டு வீட்டுலயும் வெள்ளிக்கிழம கவுச்சி தொடுததுண்டா? அதுவும் கழுகுமலை முருகன் சன்னதியில வச்சு. ஆவணியிலயே நானும் குளத்தூர் மதினியும் போயி மண்டபம் சொல்லி, அட்வான்சும் குடுத்துட்டு வந்தாச்சு.”

“கழுகுமலையா? ஏட்டி, இத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“பொறந்தநா விருந்துல வாயெடுத்தேன். ஆரத்தி எடுக்கும்போது வாயெடுத்தேன். நீங்கதான் கடல் விசயம், கடல் விசயம்னிய.”

சாமித்துரை மெதுவாக இந்துஜாவைப் பார்த்தார். “உங்க அத்தையும் சேந்தாம்மா?”

“அத்தைதான் மாமா முதல்ல சொன்னாவ,” என்றாள் இந்துஜா.

காதுகுத்து கழுகுமலையில் வெள்ளிக்கிழமை நடந்தது. வாசலில் பன்னீர் தெளிக்க மண்டபத்திலேயே ஆள் போட்டிருந்தார்கள். சாப்பாடு சாம்பார்.